‘ஆல்’ என்ற இரண்டெழுத்து: டச்சு மொழியில் நிபந்தனை வாக்கியமும் சொல் வரிசையும்

(கணிப்பொறித் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



காஞ்சிபுரத்துப் பாலிடெக்னிக் மாணவனுக்கும் டச்சு இலக்கணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்று சொன்னபோது என் பெஞ்சுத் தோழனும் அதைத்தான் கேட்டான். “டேய், நமக்கு இங்கிலீஷே தகராறு. இதுல டச்சு வேறயா?” என்றான். அந்த இங்கிலீஷ் தகராறுதான் என்னை டச்சு வரை கொண்டுபோய் விட்டது. அதனால் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கடிதத்தின் கதை

எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் தறிக்காரர்கள். அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும். நான் பத்தாம் வகுப்பு முடித்த சமயம், அப்பா கடன் வாங்கியிருந்த ஓர் இடத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. “அன்லெஸ்” என்று ஆரம்பித்து ஒரே ஒரு வாக்கியம். பாக்கி கட்டுவது பற்றியும், மாதக் கடைசி பற்றியும், வட்டிச் சலுகை ரத்தாவது பற்றியும் அதில் இருந்தது. அந்தச் சொற்களெல்லாம் எனக்குத் தெரிந்தவை. ‘அன்லெஸ்’ மட்டும் தெரியவில்லை. ‘இஃப்’ மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

“மாதக் கடைசிக்குள்ள பாக்கியக் கட்டினா வட்டிச் சலுகை போயிடும்னு போட்டிருக்குப்பா” என்று படித்துச் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “கட்டினா போயிடுமா? விசித்திரமா இருக்கே. சரி, எழுதியிருக்கான்ல” என்று சொல்லி, கட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டார். படித்த பிள்ளை சொன்னான், அதனால் மறுபேச்சு இல்லை. அடுத்த மாதம் சலுகை போனது. நஷ்டம், அம்மா பத்து நாள் தறியில் உட்கார்ந்து வாங்கும் கூலி. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

அன்றிலிருந்து ‘இருந்தால்’, ‘இல்லாவிட்டால்’ என்று வரும் வாக்கியம் எதைப் பார்த்தாலும் இரண்டு தடவை படிப்பேன்.

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு நாள்

சென்ற வருடம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சதுரங்கப்பட்டினம் போனோம். கல்பாக்கத்தை ஒட்டிய கடற்கரை ஊர். 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிகிற வரைக்கும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் ஒரு டச்சுக் கோட்டை இருக்கிறது. இடிந்த செங்கல் சுவர்கள், உள்ளே சித்திர வேலைப்பாடு உள்ள கல்லறைகள்.

டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கியது. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினார்கள். 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அவர்கள் இந்தக் கரைக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் துணி. இங்கே வாங்கிய துணியை இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, வாசனைச் சரக்கு வாங்கினார்கள். சதுரங்கப்பட்டினம் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர் போனது. வியாபாரிகள் மூலமாக நெசவாளர்களுக்கு முன்பணம் போகும். நெய்து வந்த துணியை மாதிரித் துணியோடு ஒத்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மாதிரிக்கு ஒத்திருந்தால் ஒரு விலை, ஒத்திராவிட்டால் குறைந்த விலை அல்லது திருப்பி அனுப்புதல். பார்த்தீர்களா, அங்கேயும் ‘ஆல்’ வந்துவிட்டது! 1824இல் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த ஒப்பந்தப்படி சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் 1825இல் ஆங்கிலேயர் கைக்குப் போயின.

அவர்கள் போய்விட்டாலும் சில சொற்கள் தங்கிவிட்டன. நாம் பேச்சில் சொல்லும் ‘துட்டு’ டச்சுக்காரரின் ‘டௌட்’ என்ற செப்புக் காசிலிருந்து வந்தது. ‘கக்கூஸ்’ வந்ததும் அங்கிருந்துதான். யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும், பீன்ஸைப் ‘போஞ்சி’ என்பதும் டச்சு வழிதான். பதிலுக்கு அவர்களும் தமிழ் கற்றார்கள். யாழ்ப்பாணத்தில் பணிசெய்த பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் தமிழ் எழுத்தும் இலக்கணமும் பற்றி ஒரு பகுதி உண்டு. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அவர்கள் நம் மொழியைப் படித்தார்களே, நாம் அவர்கள் மொழியைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நூலகத்திலும் செல்போனிலும் கிடைத்த பாடங்களை வைத்து ஆறு மாதமாகப் படிக்கிறேன். பேச வராது. ஆனால் நிபந்தனை வாக்கியம் புரிந்துவிட்டது. அதை மட்டும் இங்கே தருகிறேன்.

முதல் பாடம்: இரண்டாவது சீட் ரிசர்வ்

டச்சு மொழி ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உடன்பிறப்பு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் வட பகுதியிலும் சூரினாமிலுமாகச் சுமார் 2.5 கோடிப் பேருக்குத் தாய்மொழி. சாதாரண வாக்கியத்தில் அதன் விதி ஒன்றே ஒன்று: வினைச்சொல்லுக்கு இரண்டாவது இடம். பஸ்ஸில் சீட் ரிசர்வ் செய்த மாதிரி, முதல் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் இரண்டாவது சீட் வினைச்சொல்லுக்குத்தான்.

“இக் கொம் மோர்கன்.”
இக் = நான், கொம் = வருகிறேன், மோர்கன் = நாளை.

இதில் ‘நாளை’யை முன்னால் கொண்டுவந்தால்:

“மோர்கன் கொம் இக்.”

‘கொம்’ நகரவில்லை. ‘இக்’தான் எழுந்து பின்னால் போய்விட்டது. டச்சுக் கல்லறைகளில் வழக்கமாக எழுதும் “ஹீர் ரஸ்ட்” என்ற தொடக்கமும் இப்படித்தான். ஹீர் = இங்கே, ரஸ்ட் = துயில்கிறார். அதற்குப் பிறகுதான் இறந்தவர் பெயர் வரும். செத்த பிறகும் வினைச்சொல் தன் இரண்டாவது சீட்டை விட்டுக் கொடுக்காது!

இரண்டாம் பாடம்: ‘அல்ஸ்’ வந்தால் வினை கடைசிக்குப் போகும்

ஆங்கிலத்தின் ‘இஃப்’புக்கு டச்சில் ‘அல்ஸ்’ என்று பெயர். நம்முடைய ‘ஆல்’ மாதிரியே ஒலிக்கிறது. இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது, தற்செயல்தான். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட வசதி வேண்டுமா?

“இக் ஹெப் டெய்ட்.” இக் = நான், ஹெப் = கொண்டிருக்கிறேன், டெய்ட் = நேரம். அதாவது, எனக்கு நேரம் இருக்கிறது.

இதை நிபந்தனை ஆக்கினால்:

“அல்ஸ் இக் டெய்ட் ஹெப்.” எனக்கு நேரம் இருந்தால்.

கவனியுங்கள். இரண்டாவது இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த ‘ஹெப்’, ‘அல்ஸ்’ வந்தவுடன் கடைசிக்குப் போய்விட்டது. ஆங்கிலத்தில் இப்படி நடக்காது. “இஃப் ஐ ஹேவ் டைம்” என்பதில் ‘ஹேவ்’ நடுவிலேயே நிற்கும். தமிழில்? “எனக்கு நேரம் இருந்தால்.” வினை கடைசியில்தான். ஆங்கிலத்தின் சொந்தத் தங்கச்சி, நிபந்தனை என்று வந்ததும் அக்காவை விட்டுவிட்டு நம் பக்கம் வந்து நிற்கிறாள். இதைப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

வித்தியாசமும் உண்டு. தமிழில் நிபந்தனை அடையாளம் வினையின் வாலிலேயே ஒட்டிக்கொள்கிறது: இரு, இருந்து, இருந்தால். டச்சில் அடையாளம் தொடக்கத்தில், வினை கடைசியில். நம் பட்டுச் சேலையில் இரண்டு பக்கமும் கரை வைத்து உடலைப் பிடித்துக்கொள்கிற மாதிரி, ஒரு முனையில் ‘அல்ஸ்’, மறு முனையில் வினை. நடுவில் இருப்பதெல்லாம் நிபந்தனை.

மூன்றாம் பாடம்: முழு வாக்கியம்

இப்போது இரண்டு பாடத்தையும் சேர்ப்போம்.

“அல்ஸ் இக் டெய்ட் ஹெப், கொம் இக்.”
நேரடியாகச் சொன்னால்: நான் நேரம் கொண்டிருந்தால், வருகிறேன் நான்.

கடைசியில் ஏன் ‘இக் கொம்’ என்று வராமல் ‘கொம் இக்’ என்று வருகிறது? விதி பழைய விதிதான். ‘அல்ஸ்’ தொடர் முழுவதும் சேர்ந்து முதல் சீட்டில் உட்கார்ந்துவிட்டது. நான்கு சொல் இருந்தாலும் அது ஒரே பயணி. ஆகவே இரண்டாவது சீட்டுக்காரரான வினை உடனே வந்தாக வேண்டும். இரண்டு வினைகளும் நடுவில் ஒரு காற்புள்ளியோடு முட்டிக்கொண்டு நிற்பதுதான் சரியான டச்சு வாக்கியத்தின் அடையாளம்: “ஹெப், கொம்”.

தொடரைப் பின்னால் வைத்தால்: “இக் கொம் அல்ஸ் இக் டெய்ட் ஹெப்.” இங்கே ‘இக் கொம்’ இயல்பாக இருக்கிறது. தமிழ் எழுத்து நடையில் நிபந்தனை முன்னால்தான் வரும். ஆனால் பேச்சில், “வரேன், நேரம் இருந்தா” என்று நாமும் மாற்றிச் சொல்கிறோம்.

இன்னொரு வகை இருக்கிறது. ‘அல்ஸ்’ இல்லாமலே நிபந்தனை சொல்லலாம். வினையைத் தூக்கி முதலில் வைத்தால் போதும்:

“ஹெப் இக் டெய்ட், டன் கொம் இக்.” (டன் = அப்போது)

‘ஹெப் இக் டெய்ட்?’ என்று தனியாக எழுதினால் அது கேள்வி: எனக்கு நேரம் இருக்கிறதா? கேள்வியே நிபந்தனையாகிவிட்டது. இது புதுமை என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் தினமும் இதைக் கேட்கலாம். “மழை வந்துச்சா, பாவு நனைஞ்சிடும்.” “நேரம் இருக்கா, வரேன்.” ‘வந்துச்சா’ என்பது கேள்வி உருவம். ஆனால் யாரும் பதில் சொல்வதில்லை. ‘வந்தால்’ என்றே புரிந்துகொள்கிறோம். இலக்கணப் புத்தகத்தில் அதிகம் காணாத இந்தப் பேச்சு வழக்கு, கடல் தாண்டிய ஒரு மொழியில் எழுத்து நடையாகவே இருக்கிறது!

நான்காம் பாடம்: நடக்கக்கூடியதும் நடக்காததும்

நிபந்தனைகள் மூன்று வகை.

ஒன்று, நடக்கக்கூடியது. “அல்ஸ் இக் டெய்ட் ஹெப், கொம் இக்.” நேரம் இருந்தால் வருவேன்.

இரண்டு, இப்போது இல்லாததைக் கற்பனை செய்வது. “அல்ஸ் இக் டெய்ட் ஹட், ஸௌ இக் கோமென்.” ‘ஹெப்’ இறந்தகாலமாகி ‘ஹட்’ ஆனது. ‘ஸௌ’ என்பது ஆங்கில ‘வுட்’டுக்கு இணை. நேரம் உண்மையில் இல்லை என்று பொருள்.

மூன்று, முடிந்துபோனது. “அல்ஸ் இக் டெய்ட் ஹட் கெஹட், வஸ் இக் கெகோமென்.” நேரம் இருந்திருந்தால் வந்திருப்பேன்.

நாம் எங்கே தடுமாறுகிறோம் தெரியுமா? தமிழில் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் ஒரே ‘இருந்தால்’தான். “பணம் இருந்தால் வாங்குவேன்” என்பதில் பணம் வரப்போகிறதா, இல்லவே இல்லையா என்பது சொல்கிறவரின் குரலில்தான் தெரியும். ஆங்கிலமும் டச்சும் அதை வினையில் காட்டச் சொல்கின்றன. நாம் அதைக் காட்டாமல் விடும்போது மதிப்பெண் போகிறது. மூன்றாம் வகையில் நமக்குத் தகராறே இல்லை. ‘இருந்திருந்தால்’ என்று தமிழே தெளிவாகப் பிரித்துக் கொடுக்கிறது.

இன்னொன்று. “நாளை வந்தால்” என்கிறோம். நாளை என்பது எதிர்காலம், ஆனால் ‘வந்த்’ என்பது இறந்தகால அடி. எதிர்கால நிபந்தனைக்கு இறந்தகால உருவத்தைத் தமிழ் பயன்படுத்துகிறது, யாரும் குழம்புவதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் “இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ” என்று நிகழ்காலம் வருவதைப் பார்த்து நாம் ஆச்சரியப்பட வேண்டாம். ‘இஃப்’போடு ‘வில்’ சேர்க்காதே என்று ஆசிரியர் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் பாடம்: ‘ஒழிய’

இப்போது என் கடிதத்துக்கு வருகிறேன். ‘அன்லெஸ்’ஸுக்கு டச்சுச் சொல் ‘டென்ஸெய்’.

“இக் கொம், டென்ஸெய் இக் வெர்க் ஹெப்.” (வெர்க் = வேலை)

வேலை இருந்தால் மட்டும் வரமாட்டேன், மற்றபடி வருவேன் என்று பொருள். இந்தச் சொல்லின் பழைய உருவத்தைப் பிரித்தால் ‘அது இல்லாதிருக்கட்டும்’ என்று வருகிறது. அதாவது, சொல்லுக்குள்ளேயே ஓர் ‘இல்லை’ ஒளிந்திருக்கிறது. இதைப் படித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் கடிதத்தில் நான் தவறவிட்டது இந்த ‘இல்லை’யைத்தான். ‘கட்டாவிட்டால்’ என்பதைக் ‘கட்டினால்’ என்று படித்துவிட்டேன்.

இதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லையா என்று தேடினேன். தேடவே வேண்டியதில்லை, எங்கள் பாட்டி தினமும் சொல்வதுதான். “நீயா போய்க் கேட்டாலொழிய அவன் தரமாட்டான்.” ஒழிய! ‘கேட்டாலொழிய’, ‘கேட்டாலன்றி’ என்றால் அதுவே அன்லெஸ், அதுவே டென்ஸெய். பள்ளியில் ‘அன்லெஸ்’ என்றால் ‘ஒழிய’ என்று என் மனதில் பதிந்திருந்தால் (மூன்றாம் வகை நிபந்தனை!) அம்மாவின் பத்து நாள் கூலி போயிருக்காது.

டென்ஸெய்க்கு எதிர்ச்சொல் ‘மிட்ஸ்’. “இக் கொம், மிட்ஸ் இக் டெய்ட் ஹெப்.” நேரம் இருந்தால்தான் வருவேன். நம் ‘தான்’ செய்யும் வேலையை அங்கே தனிச்சொல் செய்கிறது. மிட்ஸையும் டென்ஸெயையும் டச்சுக்காரர்களே குழப்பிக்கொள்வது உண்டாம். படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன்.

‘கட்டினால்’ என்பதற்கும் ‘கட்டினால்தான்’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். “மழை பெய்தால் தெருவில் பாவு நீட்டமாட்டோம்” என்றால், மழை இல்லாத நாளெல்லாம் நீட்டுவோம் என்று பொருள் இல்லை. கோயில் திருவிழாவாக இருக்கலாம், பட்டு வராமல் இருக்கலாம். “மழை பெய்தால்தான் நீட்டமாட்டோம்” என்றால் கதையே வேறு. ஒரு ‘தான்’ தர்க்கத்தைத் திருப்பிவிடுகிறது.

நன்னூலும் அரசாணையும்

நம் இலக்கணத்தில் நிபந்தனை ஒரு வினையெச்சம். ‘செயின்’ என்னும் வாய்பாட்டைத் தொல்காப்பியமும் நன்னூலும் வினையெச்சங்களில் சேர்த்துச் சொல்கின்றன. வரின், உண்ணின், இருப்பின் என்று வருவது அதுதான். பழசு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரசு விண்ணப்பங்களிலும் அறிவிப்புகளிலும் ‘இருப்பின்’, ‘தவறின்’, ‘தவறும் பட்சத்தில்’ என்று இன்றும் வருகிறது. ‘தவறின்’ என்ற சொல்லைப் பார்த்தால் அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். அபராதம் பெரும்பாலும் அதற்கு அடுத்த சொல்லில்தான் இருக்கும்.

அப்பாவுக்குச் சொன்ன பாடம்

ஒரு நாள் ராத்திரி சி மொழியின் ‘இஃப்–எல்ஸ்’ பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். தறியிலிருந்து அப்பா, “என்னடா அது, அதையே திரும்பத் திரும்பச் சொல்றே?” என்றார்.

தறிக்கு மேலே இருந்த ஜக்காடு பெட்டியைக் காட்டினேன். பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804இல் செய்த இயந்திரத்தின் வழி வந்தது அது. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி எழும், பாவு நூல் தூக்கும். துளை இல்லாவிட்டால் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், நூல் கீழேயே நிற்கும். “இதுதாம்பா இஃப்–எல்ஸ். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று.”

அப்பா சிரித்தார். “அட, இதுவா? இத நான் முப்பது வருஷமா மிதிச்சிக்கிட்டிருக்கேன்” என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, “துளை இருக்கிற இடத்துல இல்லன்னு நினைச்சா யாளி மூஞ்சி கோணிப்போயிடும். அந்தக் கடுதாசியிலயும் அதானே ஆச்சு?” என்றார். மூன்று வருடத்தில் அதைப்பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

இந்த வருடமும் ஒரு கடிதம் வந்தது. மறுபடி ‘அன்லெஸ்’. இரண்டு தடவை படித்தேன். “கட்டினாலொழிய சலுகை நிற்காதுப்பா. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள கட்டணும்” என்றேன். இருபத்தேழாம் தேதி கட்டிவிட்டார். ரசீதை என்னிடம் கொடுத்து, “இதையும் படி” என்றார்.

பயிற்சி (விடை கீழே)

1. “எனக்கு வேலை இருந்தால் வரமாட்டேன்.” டச்சில் சொல்க. (நீட் = இல்லை; அதைக் கடைசியில் வைக்கவும்.)
2. அதையே நிபந்தனை பின்னால் வருமாறு மாற்றுக.
3. “நீ வராவிட்டால் நான் சாப்பிடமாட்டேன்.” ‘ஒழிய’ சேர்த்து எழுதுக.
4. “பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.” வாங்கினாரா, இல்லையா?

விடைகள்: 1. அல்ஸ் இக் வெர்க் ஹெப், கொம் இக் நீட். 2. இக் கொம் நீட் அல்ஸ் இக் வெர்க் ஹெப். 3. நீ வந்தாலொழிய நான் சாப்பிடமாட்டேன். 4. வாங்கவில்லை.

முடிவாக

வேலைக்காக ஜெர்மன் மொழி படிக்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் இதே இரண்டாவது சீட் விதிதான், நிபந்தனையில் வினை கடைசிக்குப் போகும் விதியும் அதேதான். பயப்பட வேண்டாம், தமிழனுக்கு வினையைக் கடைசியில் வைக்கச் சொல்லித்தரத் தேவையில்லை.

தமிழ்வழியில் படித்து வந்த என் போன்றவர்களுக்கு இன்னொன்று. ஆங்கிலச் சொல் புரியாவிட்டால் வெட்கப்பட்டு ஊகித்துவிடாதீர்கள். அதற்கு இணையான சொல் நம் பாட்டி வாயில் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் யாரையாவது கேளுங்கள். வீட்டில் நம்மை நம்பிக் கடிதத்தை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் சரியாகப் படித்தாலொழிய அவர்களுக்கு வேறு கண் கிடையாது.